வெள்ளன ஓடும் மதுரை

ரேஸ்கோர்ஸ்

குதிரைகள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. வாசலில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனாலும் மதுரைக்காரர்களுக்கு அது ரேஸ்கோர்ஸ்தான். முழுப் பெயரையும் சொன்ன என்னை ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். “ரேஸ்கோர்ஸுன்னு சொல்லுங்கண்ணே. அங்கிட்டுத்தான் போறேன், ஏறுங்க.”

தை மாதம். விடிவதற்கு முன்பே செயற்கை இழை ஓடுதளத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. சென்னையில் நான் ஓடும் பெசன்ட் நகர் சாலையிலும் அந்த நேரத்துக்குக் கூட்டம் இருக்கும். ஆனால் அது வேறு கூட்டம். நாற்பதைத் தாண்டியவர்கள், டாக்டர் சர்க்கரை என்று சொன்ன மறுநாள் காலணி வாங்கியவர்கள், மணிக்கட்டில் இதயத்துடிப்பைக் காட்டும் கடிகாரம் கட்டியவர்கள். ஞாயிறு ஓட்டம் முடிந்தால் ஃபில்டர் காபி, படம், பகிர்வு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், குறை சொல்வதற்கில்லை. இங்கே ரேஸ்கோர்ஸில் பெரும்பாலானவர்களுக்கு வயது இருபத்தைந்துக்குள். கடிகாரம் ஒருவர் கையிலும் இல்லை. ஆறு பேருக்கு ஒரு செல்போன். ஓடாத ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கத்துகிறான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து ஓடிக்கொண்டிருப்பவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் பையில் முதலில் போவது காலணி. மதுரைக்குக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன், மீனாட்சியைப் பார்க்க வந்திருக்கிறேன். ஓடவென்று வந்தது இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய ரேவதி வீரமணி பழகிய தளத்தைக் காலால் தொட்டுப் பார்க்க வேண்டும், அவர் பிறந்த மண்ணில் நாலு கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பதுதான் இந்த முறை வந்த காரியம்.

வெளி வளையத்தில் என்னோடு மெதுவாக ஓடிக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். மேலூர் பக்கம். இரவெல்லாம் மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு, அப்படியே இங்கே வந்துவிடுகிறான். “வெள்ளன வந்தாத்தான் சார் வெயிலுக்கு முன்னாடி முடியும். ஏழு நிமிஷம். இன்னும் பத்து செகண்டு கொறைக்கணும்.”

ஏழு நிமிடம் என்றால் இங்கே விளக்கம் தேவையில்லை. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். எழுத்துத் தேர்வில் தேறி வந்தவரையும் இந்த ஓட்டம் ஒரு விநாடியில் வீட்டுக்கு அனுப்பிவிடும். தினமும் ஓடுகிறவனுக்கு ஏழு நிமிடம் பெரிய காரியமில்லை. ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் மேலேயே கிடைக்கும். மூட்டை தூக்கிய தோளோடு, தூக்கமில்லாத கண்ணோடு ஓடிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

யாரைப் பார்த்து ஓட வந்தாய் என்று கேட்டேன். உசைன் போல்ட் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். “எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் சார். பட்டாலியன்ல இருக்காரு. வீடு கட்டிட்டாரு.”

தல்லாகுளம்

ரேஸ்கோர்ஸிலிருந்து கூப்பிடு தூரம்தான் தல்லாகுளம். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு எதிர்சேவை நடக்கும் அந்தச் சாலையில் காலை ஏழு மணிக்குப் பால்காரர்களும் டியூஷன் பிள்ளைகளும்தான். லேடி டோக் கல்லூரியின் மதில் ஓரமாக நடந்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த கேட்டி வில்காக்ஸ் 1948இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி. ரேவதி படித்தது இங்கே.

கதை ஊரறிந்தது. ஆனாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்திரிகைகள் அதை எப்போதும் ஒரே இடத்தில் அழுத்திச் சொல்கின்றன. பள்ளி மாணவியாக ரேவதி ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அதைப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று பட்டது. காலணி வாங்கிக் கொடுத்தார், கட்டணத்துக்கு வழி செய்தார், கல்லூரியில் இடமும் விடுதியும் வாங்கித் தந்தார். ரேவதியை வளர்த்த பாட்டி ஆரம்பத்தில் மறுத்தார். கண்ணன் பேசிச் சம்மதிக்க வைத்தார். பத்திரிகைகளுக்குப் பிடித்தது அந்த வெறுங்கால். எனக்குப் பிடித்தது அந்த விடுதி அறை. தினமும் சொந்த ஊரான சக்கிமங்கலத்திலிருந்து பேருந்துக்குக் காசு தேடி, வந்து, ஓடி, திரும்பிப் போகிற பெண்ணுக்கும், ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே படுத்தெழும்பி மூன்று வேளை சாப்பிடுகிற பெண்ணுக்கும் உள்ள தூரம் இருக்கிறதே, அதைக் காலணி மட்டும் கடந்துவிடாது.

2014இலிருந்து 2019 வரை கண்ணனிடம் பயிற்சி. அப்போதெல்லாம் 100, 200 மீட்டர்தான். பிறகு பாட்டியாலா தேசிய முகாம். அங்கே பயிற்சியாளராக இருந்த கலினா புகாரினா, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக 4x100 தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர், ரேவதியை 400 மீட்டருக்கு மாறச் சொன்னார்.

சொல்வதற்கு எளிது. 400 மீட்டர் ஒரு வஞ்சகமான தூரம். முழு வேகத்தில் ஓட நீளமானது. அளந்து ஓடக் குட்டையானது. முந்நூறாவது மீட்டர் வரை உடம்பு சொன்னபடி கேட்கும். அதன் பிறகு தசைக்கு வேண்டிய பிராணவாயு போதாமல் தொடை கனத்து, தோள் மேலேறி, கழுத்து நரம்பு புடைத்து, காலைத் தரையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் 300 மீட்டர் ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறார்கள்: ஓடு, நில், மூச்சு முழுதும் திரும்பும் முன் மறுபடி ஓடு. வாந்தி எடுக்காத நாற்பது நாள் ஒரு 400 மீட்டர் ஓட்டக்காரருக்கு வாய்த்தால் அதிர்ஷ்டம்.

தெப்பக்குளம்

நகரத்தை விட்டுக் கிழக்கே போகும் முன் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நின்றேன். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் கல் படிக்கட்டு, நடைப்பயிற்சிக்காரர்களின் முடிவில்லாத ஊர்வலம். தெப்பத் திருவிழாவுக்கென்று தண்ணீர் விட்டிருந்தார்கள்.

கரையோரம் தள்ளுவண்டியில் பருத்திப் பால். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்த் துருவல் போட்டுத் தருகிறார்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சென்னையில் நாங்கள் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து உறிஞ்சுகிற பசைக்கு இதைவிட என்ன பெரிய குணம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். வண்டிக்கார அம்மா என் காலணியைப் பார்த்துவிட்டு, “ஓடுனீகளா? இன்னொரு அரை கிளாஸ் ஊத்தவா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஊற்றினார். காசு வாங்கவில்லை.

சக்கிமங்கலம்

சுற்றுச்சாலையைக் கடந்ததும் மதுரை சட்டென்று கிராமமாகிவிடுகிறது. கண்மாய்க் கரை, சீமைக்கருவேலம், நடுநடுவே பனை, அறுத்து முடித்த வயலில் கிடை போட்ட ஆடுகள். எதிரே ஒருவர் ஜல்லிக்கட்டுக் காளையைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். நெற்றியில் பொங்கலுக்கு இட்ட பொட்டு இன்னும் அழியவில்லை. காளைக்கும் தினசரி நடை உண்டு, நீச்சல் உண்டு, மண் குத்தும் பயிற்சி உண்டு. “அவனியாபுரத்துல நின்னு வெளையாண்டவன்” என்றார் கயிற்றைப் பிடித்திருந்தவர். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

சக்கிமங்கலத்தில் எந்த வீட்டையும் தேடிப் போகவில்லை. ஒரு மனிதரின் ஏழ்மையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது பயணம் ஆகாது. ஊருக்குள் ஒரு சுற்று ஓடினேன். நாய்கள் துணைக்கு வந்தன. தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன்.

ரேவதி 1998இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா வயிற்று நோயில் போய்விட்டார். ஆறேழு மாதத்துக்குள் மூளைக் காய்ச்சலில் அம்மாவும். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தது அம்மாவின் அம்மா ஆரம்மாள். அடுத்தவர் காட்டிலும் செங்கல் காளவாசலிலும் கூலி வேலை. பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். ஆரம்மாள் கேட்கவில்லை. இரண்டு பேத்திகளில் ஒருத்தி போலீஸ் வேலைக்குப் போனார். மற்றவர் தெற்கு ரயில்வே மதுரைக் கோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். டோக்கியோவுக்குப் போனது அதற்குப் பிறகு.

தேநீர்க் கடைக்காரர் என்னிடம் சொன்ன வரிசையும் அதுதான். “ரெண்டு பிள்ளையும் கவர்மெண்டு வேலை. ஒண்ணு போலீசு, ஒண்ணு ரயில்வே. அந்த ஆத்தா கெட்டிக்காரி.” ஒலிம்பிக் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் எனக்கு அது சற்று உறுத்தியது. நினைத்துப் பார்த்தால் ஊர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தகுதி ஓட்டத்தில் ரேவதி 400 மீட்டரை 53.55 விநாடியில் முடித்து முதலாவதாக வந்தார். காவலர் தேர்வில் ஒரு பெண்ணுக்குத் தரும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஜூலை 30ஆம் தேதி டோக்கியோவில், ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்த 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில், முகமது அனஸிடமிருந்து கோலை வாங்கி சுபா வெங்கடேசனிடம் கொடுத்தார். சுபாவிடமிருந்து ஆரோக்கிய ராஜீவ் வாங்கினார். நால்வரில் மூவர் தமிழ்நாடு. 3 நிமிடம் 19.93 விநாடி, தங்கள் சுற்றில் எட்டாவது, கடைசி. இறுதிக்குப் போகவில்லை. அதே டோக்கியோவுக்கு ஆண்கள் அணியோடு போன நாகநாதன் பாண்டி கமுதி அருகே ஒரு கிராமத்துக்காரர், தமிழ்நாடு காவல்துறைக் காவலர். ரேஸ்கோர்ஸ் பையன்களுக்கு அவர் பெயர் தலைகீழ்ப் பாடம்.

காளவாசல் என்றதும் எனக்கு இன்னொருவர் நினைவு வராமல் போகாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சவுந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனை என்று ஒன்றை நடத்தி அந்தப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். பிறகு சில ஆண்டுகளில் அவரே சூளையில் தினக்கூலிக்குக் கல் சுமந்தார். பதக்கம் போனதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பதக்கத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய சம்பளமும் போனது என்பதைச் சூளைக்காரர்கள்தான் புரிந்துகொள்வார்கள். வெகு காலம் கழித்து அரசு அவரைப் பயிற்சியாளராக்கியது.

ஒத்தக்கடை

மறுநாள் யானைமலை. கிழக்கு வெளுக்கும்போது அந்த ஒற்றைப் பாறை முழுக்க இளஞ்சிவப்பாகிறது. தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானை என்று சொல்லிச் சொல்லி எல்லாரும் அலுத்துவிட்டார்கள். ஆனால் பார்த்தால் வேறு எதுவும் தோன்றவில்லை என்பதுதான் கஷ்டம். அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில், எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் அமைச்சர் மாறன் காரி குடைந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் வேளாண் கல்லூரி. பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள். மலையை ஒட்டிய மண் பாதையில் ஓடினால் வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் நாற்று. மயில் ஒன்று கூடவே கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வயலுக்குள் திரும்பியது. சென்னையில் நான் ஓடும்போது கூட வருவது பேருந்து.

தனியாக ஓடும்போது என் பழைய ஆட்கள் வருவார்கள். பிள்ளைப் பிராயத்தில் நூலகத்துப் புத்தகத்தில் கிடைத்த எமில் ஜாடோபெக் எப்போதும் முதலில். 1952 ஹெல்சிங்கியில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம். அந்த மாரத்தான் அவர் வாழ்க்கையின் முதல் மாரத்தான். 400 மீட்டரை ஒரே நாளில் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப ஓடிப் பழகிய ஆள். கனத்த ராணுவ பூட்ஸோடு பனியில் ஓடியவர். அவரைப் படித்துவிட்டு அப்பாவின் பழைய பூட்ஸில் மொட்டை மாடியைச் சுற்றியிருக்கிறேன். அடுத்து 1960 ரோமில் இரவு விளக்குகளின் வழியே வெறுங்காலோடு மாரத்தான் ஜெயித்த எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில், குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்து ஆறு வாரம்கூட முழுதாகாத நிலையில், காலணியோடு ஓடி மறுபடியும் ஜெயித்தவர். அப்புறம் நம் சிவ்நாத் சிங். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் அவர் ஓடிய மாரத்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியச் சாதனையாக நின்றது. அவரும் வெறுங்கால், பாதத்தில் டேப் மட்டும்.

இவர்களை நான் இத்தனை காலமும் ஒரு மாதிரியாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். ஓட்டத்துக்காகவே பிறந்தவர்கள், சோற்றுக்கவலை இல்லாத ஏதோ ஓர் உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்று. நரசிங்கம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது ரேஸ்கோர்ஸ் பையனின் பத்து விநாடி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜாடோபெக் யார்? ஸ்லின் நகரத்தில் பாட்டா செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. போட்டியில் ஓடு என்று தொழிற்சாலைக்காரர்கள் கட்டாயப்படுத்தியதால் ஓடியவர். விருப்பமில்லை, தப்பிக்கப் பார்த்தார். பிறகு ராணுவம். பிகிலா? ஆடு மேய்த்த குடும்பம். சக்கரவர்த்தியின் மெய்க்காப்பாளர் படைச் சிப்பாய். சிவ்நாத் சிங் ராணுவச் சிப்பாய். மில்கா சிங் பிரிவினையில் குடும்பத்தைப் பறிகொடுத்து டெல்லி வந்து, மூன்று முறை விரட்டப்பட்டு நாலாவது முறை ராணுவத்தில் சேர்ந்தவர். அங்கே அவரை ஓட வைத்தது கூடுதலாகக் கிடைத்த ஒரு தம்ளர் பால். மேலூர்ப் பையனைக் கூட்டிக்கொண்டு போய் இவர்கள் நடுவில் நிறுத்தினால் ஒருவரும் அவனை விசித்திரமாகப் பார்க்கப்போவதில்லை. என்னைத்தான் பார்ப்பார்கள்: வேலை கிடைத்து, ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டு, பிறகும் எதற்கு ஓடுகிறாய் என்று.

வெறுங்கால் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பிகிலாவுக்குக் கொடுத்த காலணிகள் சரியாகப் பொருந்தவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழக்கம் இருந்ததால் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். அவர் முன்னால் காலணி இருந்தது. ரேவதி முன்னால் இல்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் புல்லரித்துக்கொள்வது எனக்கு ஒப்பாது.

விளக்குத்தூண்

அன்று மாலை ஜிகர்தண்டா குடிக்காமல் ஊர் திரும்ப முடியாது என்று விடுதிப் பையன் சாபம் போலச் சொன்னான். சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே பாசந்தி ஐஸ். ஓட்டக்காரன் கணக்கில் இது பாவம். இரண்டாவது தம்ளரின் பாவம் அவ்வளவு தெரிவதில்லை. ராத்திரி கறி தோசை. அதைப் பற்றி எழுதினால் கட்டுரை திசை மாறிவிடும்.

கீழக்குயில்குடி

கிளம்பும் நாள் காலை நாகமலை வழியாகச் சமணர் மலைக்குப் போனேன். அடிவாரத்தில் பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம். மேலே பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். வெறும் பாறைப் படுக்கையில் படுத்து உடம்பை வருத்திக்கொண்ட துறவிகளின் இடத்தில் இப்போது உடம்பை வருத்துவது காவலர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். குளத்தைச் சுற்றி ஓடிவிட்டு, சரிவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பையன்களும் பெண்களும் கலந்த ஒரு கூட்டம். வயதில் மூத்த ஒரு பெண்தான் வாத்தியார் மாதிரி. போன முறை 400 மீட்டரில் தேறி, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் விட்டுவிட்டாராம். இந்த முறை மற்றவர்களை ஓட்டுவது அவர். அவர்கள் இவருக்கு உளவியலும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல பண்டமாற்று.

சரிவில் அவர்களோடு நானும் ஏறினேன். முதல் ஏற்றத்தில் “ஐயா பாத்து” என்றார்கள். போகப் போக அந்த எச்சரிக்கை நின்றது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஆலமரத்தடியில் ஊறவைத்த கொண்டைக்கடலையும் கடலை மிட்டாயும் வெளியே வந்தன. எனக்கும் ஒரு கை.

“எத்தன வருசமா ஐயா ஓடுறீங்க?”

“உங்க வயசுக்கு முன்னாடியிருந்து.”

“யாரப் பாத்து?”

ஜாடோபெக் கதையைச் சொன்னேன். மூன்று தங்கம், பூட்ஸ், பனி, எல்லாம். பனியில் ஓடியது அவர்களுக்குப் பிடித்திருந்தது. முகத்தைக் கோணிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு அவர் ஓடுவதை ஒருவன் போனில் தேடி எடுத்துவிட்டான். எல்லாரும் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். “நம்ம பய மாதிரியே ஓடுறாருய்யா” என்று ஒருவனை முதுகில் தட்டினார்கள்.

வாத்தியார்ப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. “என்ன வேல பாத்தாரு ஐயா?”

“முதல்ல செருப்புத் தொழிற்சாலை. அப்புறம் ராணுவம்.”

“ஸ்போர்ட்ஸ் கோட்டாவா?”

“சேந்தது சாதாரணமாத்தான். ஜெயிக்க ஜெயிக்க பதவி உயர்வு குடுத்தாங்க. கர்னல் வரைக்கும் போனார்.”

“அப்ப கோட்டா மாதிரிதான்” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, காலணி நாடாவை இறுக்கிக்கொண்டே கேட்டார்: “கர்னல்னா நம்ம எஸ்.பி.க்குச் சமமா, இல்ல அதுக்கும் மேலயா?”

மேலே என்றான் ஒருவன். சமம்தான் என்றான் இன்னொருவன். டி.ஐ.ஜி.க்கே சமம் என்று மூன்றாவது குரல் வந்தது. சண்டை முடியவில்லை. அவர் எழுந்து கையைத் தட்டி, இன்னும் ஏற்றம் பாக்கி இருக்கிறது என்று எல்லாரையும் விரட்டினார். ஓடிக்கொண்டே வாதாடினார்கள்.